டொமைன் முடங்கப் போகிறது என்று மெயில் வந்தால்

சிறு நிறுவனம் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் டாட் காம் டொமைன் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், உடனே ரினியூ செய்யுங்கள் என்று மெயில் வந்தது. டொமைன் பெயர், எந்தக் கம்பெனியில் பதிவு செய்தேன் என்ற விவரம், காலாவதித் தேதி மூன்றும் சரியாக இருந்தன. லிங்கைத் தட்டினேன், லாகின் பக்கம் வந்தது. ஏதோ உறுத்தியதால் பாஸ்வேர்ட் போடாமல் மூடிவிட்டேன். அது நிஜமா, மோசடியா? இனி இப்படி வந்தால் எப்படிக் கண்டுகொள்வது?"

பாஸ்வேர்ட் போடாமல் மூடினீர்களே, அதுவே பாதி வெற்றி. அந்தப் பக்கத்தில் எதையும் டைப் செய்யவில்லை, எந்த ஃபைலையும் இறக்கவில்லை என்றால் அநேகமாக எதுவும் போயிருக்காது. நான் இருபது வருடமாக ஹோஸ்டிங், டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சரியான சர்வருக்கு வழிகாட்டும் பதிவுகள்) வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மோசடி மெயில்தான். எப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வருவதற்கு முன், உங்கள் கேள்வியில் உள்ள ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். "மூன்றும் சரியாக இருந்தன" என்கிறீர்கள். ஏமாறுபவர்களில் பெரும்பாலானோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த மூன்றும் ரகசியமே இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் லுக்அப்.ஐகான்.ஆர்க் (lookup.icann.org) என்ற தளத்தில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டால் எந்த ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் கம்பெனி), எந்தத் தேதியில் பதிவானது, எப்போது காலாவதி, எந்த நேம்சர்வர் (டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் சர்வர்) என்பதெல்லாம் வந்துவிடும். முன்பு ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர், மெயில், போன் நம்பர், வீட்டு முகவரி வரை திறந்து கிடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது ஆளைப் பற்றிய விவரங்களைப் பெரும்பாலும் மறைத்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு ஹூயிஸுக்குப் பதிலாக ஆர்டிஏபி என்ற புது முறை வந்துவிட்டது. ஆனால் ரெஜிஸ்ட்ராரின் பெயரும் காலாவதித் தேதியும் அன்றும் இன்றும் பகிரங்கம்தான். வாசலில் எழுதியிருக்கும் கதவு எண்ணைப் படித்துச் சொல்பவர் நம் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். தேதி சரியாக இருப்பதை அந்த அளவுக்கு மட்டும் மதியுங்கள்.

மெயில் முகவரி எப்படிக் கிடைத்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் தளத்தின் தொடர்புப் பக்கத்திலேயே அது இருக்கும். இல்லாவிட்டால் டொமைனுக்கு முன்னால் 'இன்ஃபோ' என்றோ 'அட்மின்' என்றோ போட்டு அனுப்பிப் பார்ப்பார்கள். 2018க்கு முன் பதிவு செய்த டொமைன் என்றால், அப்போது அள்ளி வைத்த பட்டியல்கள் இன்னமும் கை மாறிக்கொண்டிருக்கின்றன.

இப்போது அந்த 24 மணி நேரத்துக்கு வருகிறேன். டாட் காம் டொமைன் காலாவதியானால் ஒரே நாளில் பறிபோகாது. தேதி முடிந்ததும் உங்கள் தளமும் மெயிலும் நின்றுபோகலாம், அது உண்மை. ஆனால் அதன் பிறகும் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக்காலம் இருக்கும். டொமைன் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக்காலம், அதற்குப் பின் 5 நாள் காத்திருப்பு, அப்புறம்தான் யாரும் வாங்கலாம் என்ற நிலை வரும். இதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சலுகைக்காலத்திலேயே டொமைனை ஏலத்தில் விடும் ரெஜிஸ்ட்ரார்கள் உண்டு, மீட்புக்காலத்தில் எடுத்தால் கட்டணமும் பல மடங்கு. ஆனாலும் "இன்று ராத்திரிக்குள்" என்ற நெருக்கடி இந்த நடைமுறையில் எங்குமே கிடையாது. மணிக்கணக்கில் கெடு வைப்பது மோசடிக்காரனின் தேவை. நீங்கள் இன்னொருவரிடம் கேட்டு விசாரிப்பதற்குள் காரியம் முடிய வேண்டும் அவனுக்கு.

இப்படி வரும் மெயில்கள் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. உங்களுக்கு வந்தது லாகின் விவரத்தைத் திருடும் ரகம், அதுதான் மிக மோசமானது. இன்னொன்று பில் மாதிரி வருவது. "டொமைன் அறிவிப்பு, இறுதி நினைவூட்டல்" என்று தலைப்பு இருக்கும், டாலரில் ஒரு தொகை இருக்கும், ஒரு வருடத்துக்கு இவ்வளவு, ஐந்து வருடத்துக்கு இவ்வளவு என்று அட்டவணை இருக்கும். அடியில் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் "இது பில் அல்ல, சேவைக்கான அழைப்பு, தேடுபொறியில் உங்கள் தளத்தைச் சேர்ப்பதற்கான கட்டணம்" என்று இருக்கும். ரினியூவலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் மாதக் கடைசி அவசரத்தில் டொமைன் பெயரைப் பார்த்ததும் கட்டிவிடுவார். மெயிலுக்கு முன்பு இதையே தபாலில் செய்தார்கள். டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனம், ரினியூவல் நோட்டீஸ் போன்ற கடிதங்களை அனுப்பி ஆட்களைத் தன் பக்கம் இழுத்ததற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2003லேயே அதன் மீது நடவடிக்கை எடுத்தது.

மூன்றாவது, "உங்கள் பிராண்ட் பெயரில் சீனாவிலும் ஹாங்காங்கிலும் ஒரு கம்பெனி டொமைன் பதிவு செய்யக் கேட்கிறது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று மிகுந்த அக்கறையோடு வருவது. அப்படி ஒரு கம்பெனியே இருக்காது. பதில் போட்டால் அந்த டொமைன்களையெல்லாம் உங்கள் தலையிலேயே அதிக விலைக்குக் கட்டுவார்கள். பதில் போடாமல் விட்டுவிடலாம். நான்காவது, "உங்கள் டொமைன் மீது புகார் வந்திருக்கிறது, புகார் நகலை இங்கே டவுன்லோட் செய்யுங்கள்" என்பது. 2015 இறுதியில் பல ரெஜிஸ்ட்ரார்களின் பெயரைப் போட்டு உலகம் முழுக்க இது அலையாக வந்தது. புகார் நகல் என்று இறங்கியது வைரஸ்.

இவ்வளவையும் படித்ததும் "இனிமேல் டொமைன் பற்றி எந்த மெயில் வந்தாலும் அழித்துவிடுகிறேன்" என்று தோன்றும். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டொமைன் நிர்வாகம் முழுக்க மெயிலில்தான் ஓடுகிறது, நிஜமான மெயில்களும் கிட்டத்தட்ட இதே குரலில்தான் பேசும். டொமைன்களுக்கான உலக அமைப்பான ஐகானின் விதிப்படி காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த 5 நாளுக்குள் ஒன்று என்று ரெஜிஸ்ட்ரார் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை "உங்கள் விவரங்கள் சரிதானா" என்று கேட்டாக வேண்டும். புதிதாகப் பதிவு செய்தாலோ மெயில் முகவரியை மாற்றினாலோ 15 நாளுக்குள் நீங்கள் அதை உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை நிறுத்தி வைக்கலாம். அந்த உறுதிப்படுத்தல் மெயிலில் ஒரு லிங்க் இருக்கும். "இந்த லிங்கைத் தட்டாவிட்டால் டொமைன் முடங்கும்" என்று அதிலும் எழுதியிருக்கும். அது நிஜம்!

இன்னொன்று இதைவிடக் கூர்மையானது. உங்கள் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற யாராவது கோரினால், இப்போதைய ரெஜிஸ்ட்ரார் உங்களுக்கு மெயில் அனுப்பிக் கேட்பார். 5 நாளுக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாற்றம் நடந்துவிடும். மௌனம் சம்மதம் என்பது இங்கே எழுதப்பட்ட விதி. அந்த ஒரு மெயிலை மோசடி என்று நினைத்து அழித்தவர் டொமைனை இழக்கிறார்.

ஆக, பொய்யை நம்பினாலும் நஷ்டம், மெய்யைத் தள்ளினாலும் நஷ்டம். மெயிலை உற்றுப் பார்த்து இது அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பையே நீங்கள் ஏற்க வேண்டாம் என்பதுதான் என் பதில். எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ கோணலாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன காலம் போய்விட்டது. இப்போது வரும் போலிகளில் நல்ல ஆங்கிலம் இருக்கிறது, நல்ல தமிழ்கூட வருகிறது. மெயிலை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிவிடுங்கள். பிரவுசரைத் திறந்து, நீங்களே சேமித்து வைத்திருக்கும் புக்மார்க் வழியாக ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்டுக்குள் போங்கள். ரினியூவல் பாக்கி இருந்தால் அங்கே தெரியும். உறுதிப்படுத்தல் பாக்கி என்றால் பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் அங்கேயே எச்சரிக்கை காட்டுவார்கள், "மீண்டும் அனுப்பு" என்று பட்டனும் இருக்கும். அதை அழுத்திய அடுத்த நிமிடம் வரும் மெயிலில் உள்ள லிங்கைத் தட்டலாம், ஏனென்றால் அதைக் கேட்டு வாங்கியது நீங்கள். அக்கவுண்டில் ஒன்றுமே இல்லை, மெயிலில் மட்டும் நெருப்புப் பற்றி எரிகிறது என்றால் அந்த நெருப்பு பொய்.

இதைச் செய்ய ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. உங்கள் ரெஜிஸ்ட்ரார் யார், எந்த மெயில் ஐடியில் அக்கவுண்ட், காலாவதி எப்போது, லாகின் யார் கையில் என்ற நான்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் மெயில் ஐடியிலேயே டொமைனையும் வாங்கியிருப்பான். அவன் நல்லவனாகவே இருக்கலாம், வேலை கிடைத்து துபாய்க்கோ பெங்களூருக்கோ போயிருப்பான். நிஜமான நோட்டீஸ்கள் அவனுடைய பழைய இன்பாக்ஸுக்குப் போகும், போலி நோட்டீஸ்கள் மட்டும் உங்களுக்கு வரும். ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவுமே இருக்காது. பையனிடம் பேசி, டொமைனின் பதிவு உரிமையாளராக உங்கள் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ போடச் சொல்லி, அக்கவுண்டை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கே செய்ய வேண்டிய வேலை இது. அந்த நான்கு விவரங்களையும் (பாஸ்வேர்ட் வேண்டாம்) ஒரு தாளில் எழுதி, கடைப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் ஒருவர் எனக்கு வேண்டியவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு இதே மாதிரி மெயில். கல்யாண வீட்டில் இருந்திருக்கிறார். போனிலேயே லிங்கைத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு, "சர்வர் பிஸி, பிறகு முயலவும்" என்று வந்ததும் மறந்துவிட்டார். திங்கட்கிழமை காலை எனக்கு போன்.

"ஏனுங்க தம்பி, ரெண்டு நாளா ஒரு மெயிலும் வரலீங்களே, சர்வர் எதாச்சும் படுத்துருச்சுங்களா?"

"நெட்டுல போய் எங்கயாச்சும் பாஸ்வேர்ட் போட்டீங்களாண்ணே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சனிக்கிழமை ரினியூவலுக்குப் போட்டனுங்க..."

உள்ளே போய்ப் பார்த்தேன். வெப்சைட்டைத் தொடவே இல்லை, அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவை மட்டும், அதாவது இந்த டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரியை மட்டும், மாற்றியிருந்தார்கள். இரண்டு நாளாக அவருக்கு வந்த அத்தனை ஆர்டரும் விசாரணையும் யாரோ ஒருவருடைய பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. அவர் முகவரியிலிருந்தே ஜெர்மனியில் உள்ள வாங்குபவருக்குப் பதில் போயிருக்கிறது: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்கில் பணம் போடவும். டிஎன்எஸ்ஸே அவர்கள் கையில் இருந்ததால் அந்த மெயில் எந்தப் பரிசோதனையிலும் போலி என்று காட்டாது. எட்டு வருடப் பழக்கம் என்பதால் அந்த ஜெர்மன்காரர் பணம் அனுப்புவதற்கு முன் போன் செய்து கேட்டார். அந்த ஒரு போனில் தப்பித்தது.

ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்ட் என்றால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் கட்டும் சமாச்சாரம் என்று நினைத்திருந்தவர் அவர். உங்கள் வெப்சைட், உங்கள் மெயில், அந்த மெயிலைக் கொண்டு 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' போட்டு நுழையக்கூடிய மற்ற எல்லா அக்கவுண்டுகள், இவை அனைத்தும் அந்த ஒரு லாகினில் தொங்குகின்றன.

லிங்கைப் படிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், என்றாவது அவசரத்துக்கு உதவும். போனில் லிங்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும். அதில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி, வலமிருந்து இடமாக வாசியுங்கள். கடைசிப் புள்ளிக்கு இரு பக்கமும் இருப்பதுதான் உண்மையான தளம் (கோ.இன் போன்றவற்றில் இன்னும் ஒரு சொல் சேரும்). 'லாகின்.பெரியகம்பெனி.காம்.ரினியூ-செக்.டாப்' என்று இருந்தால் அது பெரியகம்பெனியே அல்ல, 'ரினியூ-செக்.டாப்' என்ற யாரோ. முன்னால் எத்தனை பெயரை வேண்டுமானாலும் அவர்கள் ஒட்டிக்கொள்ளலாம்.

அப்படி வாசித்தாலும் கண் ஏமாறும் ஒரு வகை உண்டு. தமிழில் டைப் செய்பவர்களுக்கு இது உடனே விளங்கும். ஔவையார் என்பதை 'ஔ' என்ற ஒரே எழுத்தில் அடிக்கலாம். 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டும் பலர் அடிக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஆங்கில 'ஏ' எழுத்துக்கும் ரஷ்ய எழுத்து வரிசையில் உள்ள 'அ'வுக்கும் இடையே இதே கதைதான். ரஷ்ய எழுத்தைச் செருகிப் பதிவு செய்த டொமைன் பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். பிரவுசர்கள் இப்போது இதைப் பெருமளவு காட்டிக்கொடுத்துவிடுகின்றன, மெயில் ஆப்களை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

அதனால்தான் கண்ணை நம்பாத கருவிகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது தளத்தின் முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் ஒரு நாள் பேசாமல் இருந்தால், கையால் அடிக்கப் போகாதீர்கள், அதன் மௌனமே எச்சரிக்கை. அடுத்தது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. ஓடிபி இருப்பது இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் இப்போதைய போலித் தளங்கள் நீங்கள் அடிக்கும் ஓடிபியை அதே நொடியில் அசல் தளத்தில் போட்டு நுழைந்துவிடுகின்றன. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இருந்தால் அந்த வித்தை பலிக்காது, அது அசல் முகவரிக்கு மட்டுமே கட்டுப்பட்டது, போலித் தளத்துக்கு வாய் திறக்காது. உங்கள் ரெஜிஸ்ட்ரார் அதை ஏற்கிறார் என்றால் இன்றைக்கே போடுங்கள். ஏற்கவில்லை என்றால், என்னைக் கேட்டால், அடுத்த ரினியூவலுக்குள் ஏற்பவரிடம் மாறிவிடுவது நல்லது.

ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்டுக்கு முன்னால் பூட்ட வேண்டியது அதோடு இணைத்த மெயிலை. அந்த மெயில் இருந்தால் போதும், எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றலாம். இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. அந்த மெயில் ஐடியை அதே டொமைனிலேயே வைப்பார்கள். டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், மீட்பதற்கான மெயில் உங்களுக்கு வந்தே சேராது. பூட்டின் சாவியைப் பூட்டிய அறைக்குள் வைப்பது போன்றது அது. டொமைனுக்கென்று தனியாக, வேறு சேவையில் ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அதை விசிட்டிங் கார்டிலோ வெப்சைட்டிலோ போடாதீர்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: தளத்தில் போட்ட 'இன்ஃபோ' முகவரிக்கு "உங்கள் ரெஜிஸ்ட்ரார்" என்று மெயில் வந்தால், ரெஜிஸ்ட்ராருக்கு அந்த முகவரியே தெரியாதே என்று அப்போதே பிடித்துவிடலாம்.

டொமைனில் பூட்டுப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அக்கவுண்டில் 'டிரான்ஸ்ஃபர் லாக்' என்றிருக்கும், பெரும்பாலும் இலவசம். பூட்டு இருக்கும் வரை டொமைனை வேறு இடத்துக்கு நகர்த்த முடியாது. அதைத் திறந்து, ஆத் கோட் என்ற ரகசிய எண்ணையும் எடுத்தால்தான் மாற்றம் தொடங்கும். அந்த எண்ணை யார் மெயிலில் கேட்டாலும், போனில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அக்கவுண்டுக்குள் புகுந்தவனோ பூட்டைத் தானே திறந்துகொள்வான். அதற்கும் மேல் ரெஜிஸ்ட்ரி லாக் என்று ஒன்று இருக்கிறது, அதில் டொமைன் வகையின் மூலப் பதிவகமே பூட்டுகிறது, ஆள் நேரடியாகச் சரிபார்த்த பிறகுதான் திறக்கும். 2013 ஆகஸ்ட் 27 அன்று சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி என்ற கும்பல் நியூயார்க் டைம்ஸின் டிஎன்எஸ்ஸை மாற்றியது. பத்திரிகையின் சர்வரை அவர்கள் உடைக்கவில்லை. மெல்போர்ன் ஐடி என்ற ரெஜிஸ்ட்ராரின் ரீசெல்லர் (அதன் சேவையை வாங்கி விற்பவர்) ஒருவருடைய ஊழியரை மெயிலில் ஏமாற்றி லாகினை எடுத்தார்கள். அன்று ரெஜிஸ்ட்ரி லாக் இருந்த டொமைன்களின் டிஎன்எஸ்ஸில் கை வைக்க அவர்களால் முடியவில்லை. இந்த லாக்குக்குக் கட்டணம் அதிகம், மளிகைக் கடைக்கு வேண்டியதில்லை. டொமைன் போனால் வியாபாரமே நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் விலை கேட்டுப் பாருங்கள்.

அக்கவுண்டுக்குள் மாதம் ஒரு முறையாவது எட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். பெர்ல் நிரல்மொழிக்காரர்களின் பெர்ல்.காம் திருட்டுப் போனது 2021 ஜனவரி கடைசியில் தெரியவந்தது. பிறகு தோண்டிப் பார்த்தபோது உண்மையான திருட்டு 2020 செப்டம்பரிலேயே நடந்திருந்தது. விவரங்களை மாற்றினால் 60 நாள் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாது என்று விதி. திருடர்கள் நேம்சர்வரைத் தொடாமல் பொறுமையாக இருந்து டிசம்பரில் நகர்த்தியிருக்கிறார்கள். தளம் அதுவரை வழக்கம்போல ஓடியது. உலகம் முழுக்க கெட்டிக்கார நிரலாளர்கள் இருக்கும் சமூகம் அது, பிப்ரவரியில் மீட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் அந்த ஆள்பலம் வாய்க்காது.

உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளரை ஏமாற்றும் மெயில்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று டிஎன்எஸ் பதிவுகள் அதைத் தடுப்பதற்கு. முதலிரண்டும் எந்த சர்வர் உங்கள் சார்பாக அனுப்பலாம், கையெழுத்து அசலா என்று சொல்பவை. போலி என்று தெரிந்தால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். நான் பார்க்கும் டொமைன்களில் முக்கால்வாசி டிமார்க்கில் 'ஒன்றும் செய்யாதே' என்ற முதல் படியிலேயே நின்றுவிட்டிருக்கின்றன. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக ஏராளமான மெயில் அனுப்புவோருக்கு டிமார்க் கட்டாயம் என்றதும் அவசரத்துக்குப் போட்டதோடு சரி. டிமார்க் வழியாக வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்துவிட்டு 'நிராகரி' வரை கொண்டுபோங்கள். மெயிலே அனுப்பாமல் சும்மா வாங்கி வைத்திருக்கும் டொமைன்களுக்கு முதல் நாளிலேயே 'நிராகரி' போட்டுவிடலாம்.

யாராவது பாஸ்வேர்டைப் போட்டே விட்டார்கள் என்றால்? முதலில், அவரைத் திட்டாதீர்கள். 2014 நவம்பரில், டொமைன் உலகுக்கே விதி எழுதும் ஐகானின் ஊழியர்கள் சிலர், உள்ளிருந்து வந்ததுபோல் இருந்த மெயிலை நம்பித் தங்கள் லாகினைக் கொடுத்துவிட்டார்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள், நமக்கு வேண்டியதோ நிமிடங்கள். வேறொரு சாதனத்திலிருந்து மெயிலின் பாஸ்வேர்டையும், அடுத்து ரெஜிஸ்ட்ரார் பாஸ்வேர்டையும் மாற்றி, எல்லா லாகினையும் வெளியேற்றுங்கள். மெயிலில் ஃபார்வேர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வருவதை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். பிறகு ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் தொடர்பு மெயில், பூட்டு, நேம்சர்வர், எம்எக்ஸ் நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ரெஜிஸ்ட்ராருக்கு போன் செய்து அக்கவுண்டை முடக்கி வைக்கச் சொல்லுங்கள். டொமைன் வேறு ரெஜிஸ்ட்ராருக்கே போய்விட்டது என்றால், "டிரான்ஸ்ஃபர் எமர்ஜென்சி தொடர்பு மூலம் பேசுங்கள்" என்று கேளுங்கள். ரெஜிஸ்ட்ரார்களுக்குள் இருக்கும் அந்த அவசர வழியில் மறுபக்கம் 4 மணி நேரத்துக்குள் ஒரு ஆள் பதில் சொல்லியாக வேண்டும். முதல் வரிசை சப்போர்ட் ஊழியருக்கு அது தெரியாமல் இருக்கலாம், விடாமல் கேளுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு பணம் வங்கிகளுக்கு நடுவே நிற்கும்.

உங்களுக்கு வந்த மெயிலை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. அந்தப் போலி லிங்கின் டொமைனை, தளத்தைத் திறக்காமல், பெயரை மட்டும் எடுத்து நான் முதலில் சொன்ன லுக்அப் தளத்தில் போடுங்கள். அதையும் ஏதோ ஒரு ரெஜிஸ்ட்ரார்தான் விற்றிருப்பார். முறைகேட்டுப் புகாருக்கான மெயில் முகவரி அங்கேயே இருக்கும். 2024 ஏப்ரல் முதல், தகுந்த ஆதாரத்தோடு ஃபிஷிங் (போலி மெயில், போலித் தளம் மூலம் லாகினைத் திருடுவது) புகார் வந்தால் பொது டொமைன்களின் ரெஜிஸ்ட்ரார்கள் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்று ஐகான் ஒப்பந்தம் சொல்கிறது. வந்த மெயிலை இணைப்பாகச் சேர்த்து, லாகின் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதையும் வைத்து, இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஒரு நகலை உங்கள் ரெஜிஸ்ட்ராருக்கும் அனுப்புங்கள். நீங்கள் மூடிவிட்டு வந்த அதே பக்கத்தை இன்றைக்கு வேறு யாரோ திறந்துகொண்டிருப்பார்கள்.